போகிக்குத் தப்பிய சாமான்கள்

இந்த வருடம் போகிக்கு முந்தின நாள் அடுப்படி மேல்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்து பச்சை நிறத்தில் ஒரு சின்ன டப்பா உருண்டு வந்தது. ஜப்பானில் வாங்கிய மாட்சா தேயிலைத் தூள். சீல்கூடப் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்தால், இளம்பச்சையாக இருக்கவேண்டிய தூள் போன வருடத்து மருதாணிப் பொடி மாதிரி பழுப்படித்துக் கிடந்தது. வாங்கியபோது 1,800 யென், ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். வாசனையும் போய்விட்டது. தலைக்குத் தேய்க்கக்கூட ஆகாது. நேராகக் குப்பைக் கூடைக்குப் போனது.

கீழே மேடையில் கிடந்த காய்கறிக் கத்தியும் அதே பெட்டியில் வந்ததுதான். அன்று காலையில்கூட அவரைக்காய் நறுக்கியிருந்தேன்.

வெளிநாடு போனால் என்ன வாங்கலாம் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். கடையில் நிற்கும்போது அது யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து இரண்டு போகி தாண்டவேண்டும். எங்களுக்கு இது இரண்டாவது போகி. அதனால் இப்போது கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம்.

2024 ஏப்ரலில் போனோம். என் வீட்டுக்காரர் அலுவலக வேலையாக இரண்டு மாதம் யோகோஹாமாவில் இருந்தார். மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் நானும் அவளும் போய்ச் சேர்ந்தோம். டோக்கியோ, கியோட்டோ, நடுவில் ஒருநாள் நாரா என்று பன்னிரண்டு நாள். அப்போது 100 யென்னுக்கு 55 ரூபாய்தான். டாலருக்கு எதிராக யென் 34 வருடம் காணாத அளவுக்கு இறங்கியிருந்த மாதம் அது. அங்கே உள்ளவர்களுக்குத் திண்டாட்டம், எங்களைப் போன்றவர்களுக்குக் கொண்டாட்டம். கை தாராளமாகிவிட்டது. மொத்தம் 41 சாமான், 1,12,000 யென், நம் பணத்தில் 61,000 ரூபாய்க்கு மேல். அந்த 41-இல் இன்றைக்கு அன்றாடம் கை போவது ஒன்பது.

இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேனே என்று நினைக்கவேண்டாம். வாங்கியதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டுக்கே ஒரு கதை உண்டு. டோக்கியோவில் முதல் நாளே மகள் ஒரு கட்டுப் பேனா வாங்கினாள். எழுதியதைப் பேனாவின் பின்பக்க ரப்பரால் தேய்த்தால் மை மறைந்துவிடும். நானும் அந்தப் பேனாவிலேயே கணக்கு எழுதினேன். ஊருக்கு வந்த பிறகு, மே மாதம் ஒரு மத்தியானம், நோட்டு காரில் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்துவிட்டது. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் நோட்டு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஓர் எழுத்து இல்லை. பேனா அழுத்திய தடம் மட்டும் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது. எனக்குத் தலை சுற்றிவிட்டது.

மகள்தான் விவரம் சொன்னாள். அந்த மை ரப்பரால் அழிவதில்லை. தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில் நிறம் மறைகிறது, அவ்வளவுதான். 60 டிகிரியைத் தாண்டினால் நிறம் போகும், உறைநிலைக்குக் கீழே பத்து இருபது டிகிரி போனால் திரும்பி வரும். மதுரையில் மே மாதம் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த இடத்தில் 60 டிகிரிக்கா பஞ்சம்? நோட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் காலை கணக்கு அத்தனையும் திரும்பியிருந்தது, கொஞ்சம் மங்கலாக. பிள்ளைகளுக்கு அந்தப் பேனாவைவிட நல்ல பரிசு கிடையாது. ஆனால் பரீட்சைத் தாளிலும் பேங்க் செக்கிலும் அதை வைத்து எழுதிவிடவேண்டாம்.

கத்திக்கு வருகிறேன். டோக்கியோவில் அசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் நடுவில் கப்பாபாஷி என்று ஒரு தெரு. மெட்ரோவில் தவராமாச்சியில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. தெருமுனைக் கட்டடத்தின் மேல் வெள்ளைத் தொப்பியும் மீசையுமாக ஒரு சமையல்காரரின் பிரம்மாண்டமான தலை நிற்கும், அதுதான் அடையாளம். ஹோட்டல் நடத்துகிறவர்கள் சாமான் வாங்கும் தெரு அது. நம் புதுமண்டபத்தில் பாத்திரக் கடைகள் இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதை ஒரு தெரு நீளத்துக்கு இழுத்துவிட்ட மாதிரி. நூடுல்ஸ் கிண்ணம், வாசலில் தொங்கவிடும் காகித விளக்கு, கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பிளாஸ்டிக் இட்லி மாதிரியான போலிச் சாப்பாடு, எல்லாம் உண்டு. சுற்றுலாக்காரர்கள் போவது பெரும்பாலும் கத்திக் கடைக்கு.

நான் போனது, யூடியூபில் பார்த்த, தகட்டில் அலை அலையாகக் கோலம் ஓடும் கத்தியை வாங்க. கடைக்காரர் அறுபது வயது இருப்பார். கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார், போனில் மொழிபெயர்த்துக்கொண்டே.

"என்ன நறுக்குவீர்கள்?"

"காய்கறி. கீரை. வெங்காயம் நிறைய."

"எலும்பு?"

"கறிக்கடையிலேயே வெட்டித் தந்துவிடுவார்கள்."

"வீட்டில் இடதுகைக்காரர் உண்டா?"

மகள் கையைத் தூக்கினாள். அவர் ஒருபக்கம் மட்டும் சாணை பிடித்திருந்த கத்திகளை எல்லாம் ஓரமாகத் தள்ளிவைத்தார். அந்த நாட்டுப் பாரம்பரியக் கத்திகளில் பல அப்படித்தான், வலதுகைக்கு என்றே செய்தவை. அப்புறம் கடைசிக் கேள்வி: "நறுக்கியதும் துடைத்துவைப்பீர்களா?" நான் யோசித்தேன். காலையில் பள்ளிக்கூட வேன் வரும் நேரத்தில் கத்தியைத் துடைத்துவைக்கும் ஆள் நான் இல்லை. இல்லை என்றேன். அவர் சிரித்தார். கார்பன் எஃகில் கூர் நன்றாக நிற்கும், ஆனால் எலுமிச்சை பட்டால் கறுக்கும், ஈரம் நின்றால் துருப்பிடிக்கும், உங்களுக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி என்று சொல்லிவிட்டு, அலைக்கோலம் எதுவும் இல்லாத, செவ்வகமான, பார்க்கப் பாவமாக இருக்கும் ஒரு கத்தியை எடுத்து வைத்தார். காய்கறிக்கு என்றே உள்ளது, நக்கிரி என்று பெயர். மதுரைக்காரிக்கு அந்தப் பெயர் மறக்குமா? நக்கீரரின் தங்கை என்று வைத்துக்கொண்டேன்.

விலை வரியோடு 11,000 யென். பாஸ்போர்ட்டைக் காட்டியதும் 10 சதவீத வரியைக் கழித்து 10,000 வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் போனபோது, ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னோ அதற்கு மேலோ வாங்கினால் வெளிநாட்டுப் பயணிக்குக் கடையிலேயே வரி கிடையாது. இந்த முறை 2026 நவம்பரோடு மாறுகிறது. வரியோடு முழு விலையும் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது விமான நிலையத்தில் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகு போகிறவர்கள், வாங்கிய சாமானைப் பெட்டிக்கு அடியில் புதைத்துவைக்காமல் கேட்டால் எடுத்துக்காட்டும்படி வைத்துக்கொள்வது நல்லது. எப்படியானாலும் பாஸ்போர்ட்டை ஹோட்டல் அறையில் பூட்டிவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். நான் முதல் இரண்டு நாள் அப்படிப் போய்ச் சலுகையை விட்டேன்.

கத்தியில் பெயர் வெட்டித் தருவார்கள். என் பெயர் வேண்டாம், "அம்மா" என்று வெட்டச் சொல் என்றாள் மகள். கடைக்காரர் காகிதத்தில் அவர்கள் எழுத்தில் எழுதிப் பார்த்து, தலையைச் சொறிந்து, போனை நீட்டினார். அவர்கள் எழுத்தில் அது "அன்மா" என்றுதான் விழுமாம். அன்மா என்றால் உடம்பு பிடித்துவிடுதல், மசாஜ். மூன்று பேரும் கடையில் நின்று சிரித்தோம். வெட்டியே தரச் சொன்னேன். இன்றைக்கும் என் கத்தியில் மசாஜ் என்றுதான் இருக்கிறது.

கத்தி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: அதே கடையில் சாணைக்கல்லும் வாங்கிவிடுங்கள். 1000 என்று எண் போட்ட கல் ஒன்று போதும். எனக்கு அது 2,500 யென் ஆனது. நான் முதலில் கல்லை வாங்கவில்லை, கனம் என்று நினைத்தேன். பிறகு என் வீட்டுக்காரர் கிளம்புவதற்கு முந்தின நாள் தனியாக மெட்ரோ பிடித்துப் போய் வாங்கி வந்தார். எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் சக்கரம் கட்டிக்கொண்டு வரும் சாணை பிடிக்கிற அண்ணனிடம் ஒருமுறை கத்தியை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது மெல்லிசுத் தகடும்மா. என் சக்கரத்துல வச்சா சூடேறி வீணாப்போயிரும். கல்லுலயே தேய்ச்சுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நேர்மைக்கு அரிவாள்மனையையும் இரண்டு கத்தரியையும் அவரிடம் கொடுத்தேன். நக்கிரியை மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை நானே தேய்க்கிறேன். கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தியின் முதுகுப்பக்கத்தை இரண்டு ஒரு ரூபாய் நாணயம் அடியில் போகிற அளவுக்குத் தூக்கி, மெதுவாக.

இன்னொன்று. அந்தக் கத்தி தேங்காய்க்கு எதிரி. வந்த இரண்டாவது வாரம் அத்தை அதன் முனையை வைத்துத் தேங்காய்ச் சில்லை நெம்பியிருக்கிறார். சின்ன நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு தெறித்துவிட்டது. "இவ்வளவு வெல குடுத்துட்டு தேங்கா எடுக்க ஆகாதுன்னா என்னத்துக்கு?" என்று அத்தை கேட்டதில் நியாயம் இருக்கிறது. கெட்டியான எஃகு கூராக நிற்கும், ஆனால் வளையாது, உடையும். தேங்காய், பரங்கித் தோல், எலும்பு எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அரிவாள்மனை இன்னும் பணியில் இருக்கிறது. கிரானைட் மேடையில் வைத்து நறுக்குவதும் கூடாது, பலகை வேண்டும். விமானத்தில் கத்தி செக்-இன் பெட்டியில்தான் வரவேண்டும், கைப்பையில் வைத்தால் பறிகொடுக்கவேண்டியதுதான்.

கரண்டில் ஓடும் சாமான் எதையும் அங்கே வாங்காதீர்கள் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவேண்டும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 230. முடி உலர்த்தும் மெஷின் ஒன்று அழகாக, இலேசாக இருக்கிறது என்று நாத்தனாருக்கு வாங்கினேன். பெட்டியில் வோல்டேஜ் எழுதியிருந்தது, பார்க்கத் தோன்றவில்லை. ஊரில் செருகி பட்டனைத் தட்டிய மறுகணம் ஒரு பொசுங்கல் வாடை, வீடு முழுக்க மின்சாரம் டிரிப் ஆனது. 6,000 யென் மூன்று வினாடி ஓடியது. தவறு முழுக்க என்னுடையது. வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே 220-230 வோல்ட்டில் செய்த ரைஸ் குக்கர்களை அகிஹபாராவில் சில கடைகள் விற்கின்றன. அதற்கு வேறு விலை, வேறு பிளக். போன் சார்ஜர் மாதிரி 100-240 என்று போட்டிருந்தால் பயமில்லை.

கரண்ட் வேண்டாத ஃபிளாஸ்க் வாங்குங்கள். ஸோஜிருஷி என்ற ஃபிளாஸ்க் கம்பெனியின் பெயருக்கே யானை மார்க் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் காலை ஆறு மணிக்கு ஊற்றிக்கொண்டு போகும் காபி பதினொரு மணிக்கு நாக்கைச் சுடுகிறது. உள்ளங்கைக்கு அடங்கும் சைஸ், மூடி இறுக்கம், ஒரு சொட்டு ஒழுகாது. மூடியின் ரப்பர் வளையம் மட்டும் ஒருநாள் தேயும். அதே மாடலுக்கு ஒரு வளையம் கூடுதலாக வாங்கி வைத்திருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கியோட்டோவில் எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். நாங்கள் இருந்த ஞாயிற்றுக்கிழமை ஏப்ரல் 21. தோஜி கோயிலில் மாதாமாதம் 21-ஆம் தேதி சந்தை கூடும். கோயிலோடு சம்பந்தப்பட்ட கோபோ தைஷி என்ற மகானின் நினைவு நாள் அது. ஐந்தடுக்குக் கோபுரம் 55 மீட்டர் உயரத்துக்கு மரத்திலேயே எழும்பி நிற்க, அடிவாரத்தில் பழைய இரும்பு, ஊறுகாய், மண்பாண்டம், செடி, பழந்துணி என்று ஒரே கூட்டம். சித்திரைப் பொருட்காட்சியில் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு. அங்கேதான் பழைய கிமோனோ குவியலைப் பார்த்தேன். குவியலில் எது எடுத்தாலும் 2,000 யென். பட்டு!

கிமோனோவை உடுத்தப்போவதில்லை. அதைத் துணியாகப் பார்க்கவேண்டும். கிமோனோத் துணி நம் புடவை மாதிரி அகலமாக நெய்வதில்லை, ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலத்தில் நீளமாக நெய்கிறார்கள். அதை வளைத்து வெட்டாமல் நேர்நேராக வெட்டிக் கையால் தைக்கிறார்கள். தையலைப் பிரித்தால் முழுத் துணியும் பட்டை பட்டையாகத் திரும்பக் கிடைத்துவிடும். கருநீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ போட்ட ஒன்றை எடுத்தேன். பக்கத்தில் நின்ற ஜப்பானிய அம்மா ஒருவர் நான் எடுத்ததைப் பிடுங்கி, வெயிலுக்கு நேராக விரித்துக் காட்டினார். மடிப்பு ஓடிய இடமெல்லாம் ஊசி ஊசியாக ஓட்டை, அக்குள் பக்கம் பழுப்புக் கறை. அவரே குவியலில் துழாவிக் கருநீலத்திலேயே வேறொன்றை எடுத்துத் தந்தார். பழம் பட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்பதை அவரிடம்தான் கற்றேன். நம் அம்மாக்கள் பரணில் கிடந்த கல்யாணப் பட்டை அப்படித்தானே பார்ப்பார்கள்?

ஊரில் தையல் அண்ணன் முதலில் முகத்தைச் சுளித்தார். "இந்த அகலத்துல கை எப்படிக்கா விழும்?" என்றார். பிறகு முதுகில் நடுத் தையல் போட்டு, கையை ஒட்டுப்போட்டு, இரண்டு ரவிக்கையும் மகளுக்கு ஒரு சுருக்குப் பையும் தைத்துத் தந்தார். வெள்ளைச் சுங்குடிக்கு அந்தக் கருநீல ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போனால், விசேஷ வீட்டில் கேட்காத ஆளில்லை. 2,000 யென், 1,100 ரூபாய். மொத்தப் பயணத்தில் லாபமான சாமான் அதுதான். முதல் தடவை தண்ணீரில் நனைத்ததில் சாயம் கொஞ்சம் இறங்கியது. ஓரத்தில் ஒரு மூலையை நனைத்துப் பார்த்துவிட்டுச் செய்திருக்கவேண்டும்.

துணி என்றதும் தெனுகுயி. 35-க்கு 90 சென்டிமீட்டர் பருத்தித் துண்டு, நம் ஈரிழைத் துண்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டு முனையையும் மடித்துத் தைக்காமல் வெட்டியபடியே விட்டிருப்பார்கள். குறை என்று நினைத்தேன். மடிப்பு இல்லாததால் ஈரம் தங்காது, சீக்கிரம் காயும். நாலு சலவையில் கொஞ்சம் நூல் பிரிந்து தானாக நின்றுவிடும். எடையே இல்லை, உடையாது, கெடாது. ஏழு வாங்கி ஆறைக் கொடுத்துவிட்டேன். அடுத்தமுறை யாராவது போனால் எனக்கு இதைத்தான் வாங்கிவரச் சொல்வேன்.

இனி, திரும்பி வந்ததும் வாசலிலேயே நிற்கும் கேள்வி: "என்ன வாங்கிட்டு வந்த?" அந்த ஊரிலும் இதே தொல்லை உண்டு என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒமியாகே என்பார்கள். வெளியூர் போய்விட்டு வெறுங்கையோடு அலுவலகத்துக்கு வரக்கூடாது. அதற்கென்றே ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் அந்தந்த ஊர்ப் பலகாரம், தனித்தனியாகச் சுற்றி, பன்னிரண்டு, இருபது என்று அட்டைப்பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். பங்கு பிரிக்கச் சண்டையே வராது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கேக் வகையறா பல ஒரு வாரம் பத்து நாள்தான் தாங்கும். கிளம்பும் நாளில் வாங்குவதே சரி.

சுத்த சைவ வீடுகளுக்கு வாங்குகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும். என் நாத்தனார் வீட்டில் முட்டைகூட நுழையாது. அரிசி அப்பளம் மாதிரி முறுமுறுவென்று ஒன்று இருக்கிறது, ஸெம்பே. அரிசிதானே என்று நான்கு பாக்கெட் எடுத்தேன். மகள் போன் கேமராவை லேபிள்மேல் காட்டினாள்: அரிசி, சோயா சாறு, மீன் சாறு. மிட்டாயில் ஜெலட்டின், சூப்பில் மீன், உருளைக்கிழங்கு சிப்ஸில் கோழி. லேபிளைப் படிக்காமல் சைவக்காரருக்கு எதையும் கொடுக்கமாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது யோகான். சிவப்புப் பயறும் சர்க்கரையும் கன்டென்னும் சேர்த்து இறுக்கிய கட்டி. கன்டென் என்பது வேறொன்றும் இல்லை, நம் ஊரில் நோன்புக் காலத்தில் விற்கும் கடல்பாசிதான். பிரிக்காமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நாத்தனாரின் மாமியார் ஒரு துண்டு வாயில் போட்டு, சற்று யோசித்து, "பயத்தம்பருப்பு அல்வாவுக்கு நெய் விட மறந்துட்டாங்க" என்றார். ஆனால் பெட்டி காலியானது.

நகவெட்டியையும் சொல்லவேண்டும். கிஃபு மாநிலத்தில் செகி என்ற ஊர் நூற்றாண்டுகளாக வாள் செய்த ஊர். வாளுக்கு வேலை போனபின் கத்தி, கத்தரி, நகவெட்டி என்று இறங்கிவிட்டார்கள். ஆயிரம் யென்னுக்கு நல்லது கிடைக்கும். வயதானவர்களின் கட்டை நகத்தைச் சத்தமில்லாமல் வெட்டும், துணுக்கு தெறிக்காமல் உறைக்குள் விழும். நகவெட்டியைப் பரிசாகக் கொடுக்கிறாயா என்று கொழுந்தன் சிரித்தார். இப்போது அவர் வீட்டில் அது எங்கே என்று ஆளுக்கு ஆள் தேடுகிறார்களாம். அவர் கேட்டது ஐபோன். அங்கே விற்பதில் கேமரா சத்தம் ஒரு தொல்லை, இங்கே சுங்கத்தில் நாங்கள் வந்தபோது ஒருவருக்கு 50,000 ரூபாய்தான் வரம்பு, அடுத்தவர் போனுக்கு என் வரம்பைக் கொடுக்கமாட்டேன் என்று மூன்று காரணம் சொன்னேன். மூன்றாவதுதான் நிஜம்.

வாங்கி வருந்தியவை சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். மாட்சா சொன்னேன். வார்ப்பிரும்பு டீ கெட்டில் ஒன்று, ஒன்றரைக் கிலோ. உள்ளே எனாமல் பூசியது, அடுப்பில் வைக்கக்கூடாது என்று வந்த பிறகு படித்தேன். இப்போது ஷோகேஸில் பொம்மை மாதிரி நிற்கிறது. குளிருக்கான உள்பனியன் இரண்டு, மதுரையில்! நூறு யென் கடையில் கூடை நிறைய அள்ளியவற்றில் பாதி நம் பஜாரில் கிடைப்பவைதான். விதைப் பாக்கெட் ஒன்றை எடுத்துவிட்டு, அனுமதிப் பத்திரம் இல்லாமல் விதை கொண்டுவரக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொன்னதால் திருப்பி வைத்தேன்.

கடைசி நாள் விமான நிலையத்தில் பர்ஸைக் கொட்டினேன். சில்லறை. நோட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம், நாணயத்தை யாரும் வாங்கமாட்டார்கள். பெரிய காசுகளை டீயிலும் பன்னிலும் தீர்த்துவிட்டு, நடுவில் ஓட்டை உள்ள 5 யென் காசுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். மஞ்சளாகப் பித்தளை. அவர்கள் மொழியில் ஐந்து யென்னுக்கு கோ-என் என்று பெயர். உறவு, பந்தம் என்பதற்கும் அதே ஒலி. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்ற பயம் அங்கேயும் இருப்பதால், சிலர் கத்தியோடு ஓர் 5 யென்னையும் வைத்துக் கொடுப்பார்களாம். ஒரு காசு மூன்று ரூபாய்கூடப் பெறாது. இருபது காசு இருந்தது. தெருப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்ததில், வேறு எந்தச் சாமானுக்கும் கிடைக்காத வரவேற்பு.

ஒன்றை என் பெரியப்பாவிடம் காட்டினேன். 86 வயது. அவருக்கு நகவெட்டிதான் கொண்டுபோயிருந்தேன், அதை ஓரமாக வைத்துவிட்டுக் காசை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, இது ஓட்டக் காலணால்ல?"

வெள்ளைக்காரன் காலத்தில், 1943-இலிருந்து சில வருடம், நம் காலணாவும் நடுவில் ஓட்டையோடுதான் வந்தது. சின்ன வயதில் அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிவிடுவார்களாம், பையன் தொலைக்காமல் கடைக்குப் போய்வர. "காலணாவுக்கு என்ன குடுப்பாங்க தாத்தா?" என்று மகள் கேட்டாள். அவர் பொரிகடலை, கருப்பட்டி மிட்டாய் என்று ஆரம்பித்து, எந்தக் கடை, கடைக்காரர் எப்படி அளப்பார், வழியில் எந்த வீட்டு நாய் துரத்தும் என்று ஒரு மணி நேரம் சொன்னார். பெரியம்மாவே சிலதை அன்றைக்குத்தான் கேட்கிறாராம்.

"இதுக்கு அங்க என்னத்தா கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது பெரியப்பா."

"அப்ப நானே வச்சுக்கிறேன்" என்றார். இந்தப் பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், பீரோச் சாவியோடு கயிற்றில் கோத்து இடுப்பில் செருகியிருந்தார்.